மச்சாளுக்குப் பிணை

அந்தக் கிறீமின் வாசம் வந்ததும் நான் சீற்றை விட்டு எழும்பிவிட்டேன்.

கிளிநொச்சி பஸ், பின்னேரம், சரியான சனம். பக்கத்தில் இருந்த பிள்ளை வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவள் போல. கைப்பையிலிருந்து நீல நிறத் தகர டப்பி ஒன்றை எடுத்தாள், மூடியைத் திருகினாள், முழங்கை வரைக்கும் வெள்ளையாகப் பூசிக்கொண்டாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அடித்துப்பிடித்து ஏறிக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி, முரசுமோட்டையில் இறங்கும் வரைக்கும் நின்றது நான். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் இது என்ன விசர் என்று என்னையே கேட்டேன். மூக்கு அதன்பாட்டுக்கு இருபத்தேழு வயதுக்குப் போய்விட்டிருந்தது.

அது என் மச்சாளின் வாசம். தாய்மாமனின் மகள். எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் இடையில் ஒரு வாய்க்கால், அதற்கு மேலே ஒரு தென்னங்குற்றி. அந்தக் குற்றியில் நடந்து போய் நான் பார்த்துப் பார்த்து எரிந்தவை எத்தனை! அவளின் தலைமயிர் ஈரமாக இருக்கும்போதும் சுருளும். கோயிலில் தேவாரம் படிக்கத் தொடங்கினால் ஐயர் மணியை நிற்பாட்டிவிட்டுக் கேட்பார். எனக்கு அவளைவிடக் கூடத் தேவாரம் பாடம். குரல்தான் இல்லை. பொறாமை என்பது எழுத்தில் எழுதுகிற சொல். நாங்கள் எரிச்சல் என்போம். எரிச்சல்தான் சரி. அது அடுப்புக்குள் கிடக்கிற உமி போல. சுவாலை தெரியாது, கையை வைத்தால்தான் தெரியும்.

ஜேர்மனி மாப்பிள்ளையின் தாய் வட்டக்கச்சியில் இருந்து பெண்பார்க்க வந்தது முதலில் எங்கள் வீட்டுக்கு. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அந்த மனுசி என் காலைப் பார்த்தது, கையைப் பார்த்தது, பிறகு சாதகத்தைப் பார்த்தது. பொருத்தம் இல்லை. வந்தது வந்தோம், பக்கத்திலும் ஒரு பிள்ளை இருக்காமே என்று, வந்த காலோடு தென்னங்குற்றியைக் கடந்து மாமா வீட்டுக்குப் போனார்கள். அங்கே பொருந்தியது. அவளுக்கு ஜேர்மனி வந்தது. எனக்கு அவர்கள் குடித்த கோப்பைகள் கழுவ வந்தன.

கலியாணம் கொழும்பில் நடந்தது. சண்டையில் பாதை பூட்டியிருந்த நேரம், நான் போகவில்லை. பிறகு படங்கள் வந்தன. பனிக்குள் நிற்கிறாள், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சிவப்புக் கோட்டோடு. அந்தக் கோட்டிலும் எனக்கு எரிச்சல். முரசுமோட்டை வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டது நியாயம்தான். ஆனாலும் எரிச்சல்.

சமாதானம், பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்கள். தொண்ணூற்றைந்து தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு உழவுயந்திரப் பெட்டியில், நெல்லுமூட்டைகளுக்கு மேலே ஒரு பெரிய சூட்கேசோடு அவளும் வந்து இறங்கினாள். பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் காணாத சனம் நாங்கள். ஜாம்போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்கெரிக்கிற சனம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்கிற சனம். அவள் வந்து படலையைத் திறந்ததும் வளவு முழுக்க அந்த வாசம். பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்களோ இல்லையோ, மூச்சை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோருக்கும் லீவு என்றுதான் சொன்னாள். மாமிக்கும் அப்படித்தான் முதலில். எனக்குக் கிணற்றடியில் வைத்து உண்மையைச் சொன்னாள். கோவித்துக்கொண்டு வந்திருக்கிறாளாம்.

அவன் அடிக்கிறவன் இல்லையாம். கதைக்கிறவனும் இல்லையாம். ஒரு சண்டை வந்தால் மட்டும், கறியில் உப்புக் கூடினது போன்ற சண்டைக்கும், ஒரே ஒரு வசனம் சொல்லுவானாம்: உன்ரை விசா என்ரை கையிலை, ஒரு கடிதம் போட்டால் நீ நாளைக்கு முரசுமோட்டை. தேத்தண்ணி ஆறினாலும் முரசுமோட்டை. வேலைக்குப் போய்ப் பிந்தி வந்தாலும் முரசுமோட்டை. அவள் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தண்ணி அள்ளிக்கொண்டு நின்றேன். ஒரு பிடி இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. நான் பிறந்து, படித்து, தொண்டர் ஆசிரியையாகச் சம்பளமில்லாமல் படிப்பித்து, காய்ச்சலில் கிடந்து, இனிச் சாகவும் போகிற ஊர், ஜேர்மனியில் ஒரு குசினிக்குள் பெண்டாட்டியை வெருட்டுகிற சொல். அவளுக்குத் தண்டனையாகக் கிடைக்கக்கூடியது எனக்குத் தினமும் கிடைக்கிற காலைச் சாப்பாடு. வாளியை நான் கொஞ்சம் பலமாகத்தான் கிணற்றுக்குள் விட்டேன்.

அவள் செய்த பிழை எங்கள் பெண்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. இங்கே மனிசி கோவித்தால் தாய்வீட்டுக்கு வருவாள். அதுதான் வழமை. பெட்டியைக் கட்டுவாள், பிள்ளையை இடுப்பில் வைப்பாள், வருவாள். ஒருவரும் பதறமாட்டார்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை. பிறகு ஒரு பின்னேரம் அந்த மனுசன் ஒரு வாழைக்குலையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, படலைக்கு வெளியே பெல்லை அடித்தபடி நிற்பான். உள்ளே வரச்சொல்லிக் கேட்காமல் மாமியார் ஒரு கொஞ்ச நேரம் அவனை வெயிலில் வைத்திருப்பாள். மச்சான்மார் பகிடி விடுவார்கள். இரவுச் சாப்பாட்டோடு எல்லாம் முடிந்துவிடும். இந்தச் சைக்கிள் பெல்லுக்காகத்தான் என் மச்சாள் அத்தனை கடலுக்கு மேலாலே பறந்து வந்திருந்தாள். அவன் வருவான் என்று காத்திருந்தாள். அவன் சைக்கிளில் வர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கோவிக்கிறதுக்கு அவளுக்கு வேறு முறை ஒருவரும் பழக்கிவிடவில்லை.

மாசி போனது. பங்குனி போனது. உழவுயந்திரச் சத்தம் கேட்டால் படலைக்கு வருவாள். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது, பாதை இறுகியது, சூட்கேசில் கொண்டுவந்த சவர்க்காரம் எல்லாம் பங்குபோட்டு முடிந்தது. நீல டப்பியை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பூசுவாள்.

வைகாசியில் மாமிதான் பொறுக்க மாட்டாமல் வட்டக்கச்சிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனா. மாப்பிள்ளையைக் கொஞ்சம் கதைச்சு அனுப்பச் சொல்லுவம் என்று இரண்டு வாழைக்குலையும் கொண்டுதான் போனா. திரும்பி வந்து செருப்பைக் கழட்டாமல் வாசலில் இருந்துவிட்டா. சம்பந்தியம்மா தேத்தண்ணி கொடுத்து, வாழைக்குலையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஆற அமரச் சொன்னாவாம்: உங்கடை மகள்தானே விட்டிட்டுப் போனவ. மோன் அங்கை கந்தோரிலை போய், மனிசி என்னை விட்டிட்டுப் போட்டா எண்டு எழுதிக் குடுத்திட்டான். விவாகரத்துக்கும் போட்டாச்சு.

தாய்வீட்டுக்கு வந்ததை அந்த நாட்டில் விட்டுப்போனது என்று எழுதலாம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

மச்சாள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் கணக்கு ரீச்சர் மாதிரி நிமிர்ந்து இருந்து எனக்கு விளங்கப்படுத்தினாள். அவளோடு துப்புரவு வேலை செய்கிற துருக்கிக்காரி ஒருத்தி சொல்லித் தந்ததாம். அந்த நாட்டில் கலியாணம் கட்டிப் போன பொம்பிளையின் விசா, புருசனின் விசாவில் தொங்குகிற விசா. அவன் விட்டால் விழும். ஆனால் நாலு வருசம் அங்கே அவனோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருந்துவிட்டால், பிறகு பிரிந்தாலும் அவளுக்கென்று தனி விசா கேட்கலாம். அந்த நாலு வருசத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் கோவித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தளவுக்குப் புத்தி இருந்திருக்கிறது. ஆனால் நாட்டுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் இருக்கிற விசா செத்துப்போகும். செத்த விசாவுக்குப் பிறகு தனியும் இல்லை, கூட்டும் இல்லை. ஆனி முடியமுதல் அவள் அங்கே போய் நிற்க வேணும்.

அந்தத் தனி விசா என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சல் கோட்டுக்கு வந்ததைவிடப் பெரிது. அவளுடைய விவாகரத்தில்கூட எரிச்சல் பட்டேன் என்றால் நம்புவீர்களா? இங்கே பிரிந்தவளுக்கு ஒரு பேர்தான் கிடைக்கும். அங்கே ஒரு நாடு கிடைக்கிறதாம். ஒரு பொம்பிளை தகப்பன் பேருமில்லாமல் புருசன் பேருமில்லாமல், தன் பேரில் ஒரு மண்ணில் நிற்கலாமாம்.

பேர் வரவும் பிந்தவில்லை. சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்றவ பின்னால் நின்றவவைப் பார்த்து, உவள் ஜேர்மன்காரி வாழாவெட்டியாம் எண்டு கதை, உண்மையே என்றா. நாக்கில் சீனி பட்டதுபோல இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு பின்னேரம் முழுக்க அந்த இனிப்போடு திரிந்தேன். இனி அவளும் இங்கேதான். அவளும் ஜாம்போத்தல் விளக்குத்தான். அவளின் சுருள்முடியும் இனி இந்தத் தூசுக்குள்தான்.

அடுத்த நாள் காலை தென்னங்குற்றியைக் கடந்து போனபோது அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். குனிந்து, ஒரு கையால் சீலையைப் பிடித்துக்கொண்டு, நான் கூட்டுகிற மாதிரியே. தூரத்தில் இருந்து பார்த்தால் நானா அவளா என்று தெரியாது. அங்கேயே நின்றுவிட்டேன். சீனி போய்விட்டது. அவள் என்னைப்போல ஆகிவிட்டால் பிறகு நான் யாரைப் பார்த்து எரிவது? என் இருபத்தேழு வருசமும் அவளைப் பார்த்து ஓடினதுதான். அவளுக்கென்று ஒரு பனியும் ஒரு கோட்டும் இருந்தபடியால்தான் எனக்கும் எங்கேயோ ஒரு இடம் இருந்தது.

இந்த இடத்தில்தான் பிணை வருகிறது. அந்த நாளில் வன்னியை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேணும். பாஸ் எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஆள் பிணை நிற்க வேணும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் அசைய ஏலாது; அவருக்குப் பாஸ் இல்லை. மாமி நிற்கிறேன் என்றா. வயது போனவர்களை எடுக்கமாட்டார்கள். போக விருப்பமில்லாத ஆளைப் பிணையாக வைத்து அவர்களுக்கு என்ன பலன்?

மாமிக்கு உண்மையில் மகளை அனுப்பவே மனமில்லை. அவன் விட்டால் விடட்டும், என்ரை பிள்ளை என்னோடை கிடக்கட்டும், கஞ்சியோ கூழோ என்று ஒரே பாட்டு. மச்சாள் தாயோடு வாதாடவில்லை. நேரே என்னிடம் வந்தாள். எங்கள் குசினிக்குள் பலகையில் இருந்துகொண்டு, நான் தேங்காய் துருவுவதைப் பார்த்தபடி கேட்டாள்.

"மச்சாள், நீ நிப்பியோ?"

"ஏன் நான்?"

"உனக்கு இஞ்சை இருந்து போக எவ்வளவு விருப்பம் எண்டு ஊருக்கே தெரியும். உன்னைப்போல ஆளைத்தான் கட்டாயம் எடுப்பினம்."

"எனக்கு உன்னிலை எரிச்சல் எண்டதும் ஊருக்குத் தெரியும்."

"அதுவும் தெரியும். அதுதான் உன்னைக் கேக்கிறன். அன்பாயிருக்கிறவை எல்லாரும் என்னை இஞ்சை இரு எண்டுதான் சொல்லுகினம்."

துருவலைப் பல் சிரட்டையில் போய் உராய்ந்தது. அவள் பகிடியாகச் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்றால், யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க இருந்தது ஒரே விசயம். தொண்டர் ஆசிரியர்களுக்கு வவுனியாவில் நேர்முகம் வைத்து நிரந்தரமாக்கப் போவதாகக் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. எப்போது என்று தெரியாது, வந்தால் போகவேணும். பிணை நின்றால் போக ஏலாது. அவளும் அதைக் கேள்விப்பட்டிருந்தாள். கேட்கும்போது அதைச் சொல்லவும் இல்லை, சொல்லாமல் மறைக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்படி இருக்கிற துணிவிலும் எனக்கு எரிச்சல்தான்.

இரண்டு நாள் அவளை வெயிலில் வைத்திருந்தேன், மாமியார்மார் மருமகனை வைத்திருப்பதுபோல. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் படலையில் பெல்லை அடித்தேன். அவள் ஓடிவந்தாள். பிறகுதான் எனக்கே விளங்கியது, அரை வருசமாக அவள் காத்திருந்த சத்தம் அது. அடித்தது நான்.

பாஸ் கொடுக்கிற இடம் கிளிநொச்சியில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய வீடு. மேசைக்குப் பின்னால் இருந்த இயக்கப் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தது. மச்சாள் கணவரிடம் போவதாகச் சொன்னாள். அலுவல் முடிய வருவதாகவும் சொன்னாள். பிள்ளை அவளை நம்பினமாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் இல்லை. என் பக்கம் திரும்பியது.

"அக்கா, இவா திரும்பி வருவாவோ?"

அந்த நேரத்தில் என் வாய்க்குள் இரண்டு பதில் இருந்தது. எனக்குத் தெரியாது தங்கச்சி என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. அவள் வீட்டுக்கு வந்து முற்றம் கூட்டுவாள், நான் நேர்முகத்துக்குப் போவேன். வாசம் மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. டப்பியின் அடியில் இருந்ததை வழித்துப் பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

"கட்டாயம் வருவா," என்றேன். "தாய் இஞ்சை. காணி இஞ்சை. நான் இஞ்சை."

"உங்களுக்காண்டியும் வருவாவோ?" பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பொல்லாத எரிச்சல்காரி தங்கச்சி. என்னை மாட்டிவிட்டிட்டு அவவாலை அங்கை நிம்மதியாச் சாப்பிடேலாது."

பிள்ளை மச்சாளைப் பார்த்தது. மச்சாள் உண்மை என்பது போலத் தலையை ஆட்டினாள். நான் ஒப்பம் வைத்தேன்.

பிறகு நடந்ததை இந்த இடத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கடைசியில் வைத்தால் அது பெரிய விசயம் போலத் தெரியும். ஆனி முடியமுதல் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். விவாகரத்து நடந்தது. நாலு வருசம் சேர்ந்து இருந்ததை அந்த நாட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தன் பேரில் விசா, தன் பேரில் ஒரு அறை, அறைக்குத் திறப்பு. நேர்முகம் ஆவணியில் வந்தது. என்னோடு படிப்பித்தவர்கள் போய்வந்து நிரந்தரமானார்கள். நான் அவர்களின் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். நிரந்தரம் எனக்கு எத்தனையோ வருசம் பிந்தித்தான் வந்தது. அடுத்த வருசம் கிளிநொச்சியே எழும்பி ஓடியபோது அந்த ஓட்டு வீட்டையும் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் ஓடினோம். என் பிணை அதோடு எங்கே போனதோ. யாரும் என்னை விடுவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருமுறை அங்கிருந்து வந்தவர் ஒருவரின் கையில் எனக்கு ஒரு நீல டப்பி கொடுத்துவிட்டிருந்தாள். நான் அதை முகத்தில் பூசவில்லை. ஸ்கந்தபுரத்துக் காட்டுத் தரையில் நடந்து வெடித்த குதிக்காலுக்குப் பூசி முடித்தேன். வெடிப்பு நன்றாகத்தான் மாறியது.

அவள் போன நாள். காலை. பஸ் மண்ணெண்ணெயில் ஓடுகிற பஸ், நின்ற இடத்திலேயே இருமிக்கொண்டிருந்தது. ஸ்ராட் எடுப்பதற்குக் கொஞ்சம் பெற்றோலை விட்டுவிட்டுப் பிறகு எண்ணெயில் இழுப்பார்கள். அந்தக் கறுப்புப் புகைக்குள் மச்சாளின் வாசம் எனக்குப் பிடிபடவே இல்லை. மாமி வீட்டில் நின்றுவிட்டா. வர ஏலாது என்றா, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. சூட்கேசை நான்தான் என் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வந்தபோது இருந்த பாரம் அதில் இல்லை. உடுப்பு எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. கேட்டால் எறிவேன் என்று தெரிந்திருக்கும்.

அவள் சொன்னாள், வவுனியாவில் இறங்கினதும் தகவல் அனுப்புவாளாம். நான் சொன்னேன், எனக்கு ஒரு தகவலும் வேண்டாம், மாமிக்கு அனுப்பு. அவள் சொன்னாள், அங்கே போய் முதலில் அந்தத் துருக்கிக்காரியைக் கட்டிப்பிடிப்பாளாம். யாரென்று தெரியாத அந்தத் துருக்கிக்காரியிலும் எனக்கு அந்த நிமிசம் எரிச்சல் வந்தது. அதை முகத்தில் பார்த்துவிட்டாள். சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, கோயிலில் படிக்கிற நாளில் இருந்த அந்தக் குரலோடு சிரித்தாள்.

கொண்டக்டர் தட்டினான். அவள் ஏறி யன்னலோரம் இடம் பிடித்தாள். கையை வெளியே நீட்டினாள். நான் சைக்கிள் ஹாண்டிலை விடவில்லை. பஸ் அசைந்தபோது, இங்கே எவர் வெளிக்கிட்டாலும் சொல்லுகிற அந்தச் சொல் அவள் வாயில் தானாகவே வந்துவிட்டது.

"போட்டு வாறன், மச்சாள்."

"வராதை."